புதுப்பிப்பு: 62-ல் பிறந்தவரை 2062-க்கு அனுப்பிய கோப்பு

முந்தைய இழையின் தொடர்ச்சி. புதிதாக வருபவர்களுக்கு: ஓய்வூதியதாரர் பட்டியல் ஒன்று சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வந்தது. பிறந்த தேதியில் வருடம் இரண்டே இலக்கம். 14-08-62-ஐப் பைத்தான் நிரல்மொழி 2062 என்று படித்துவிட்டது.

"எக்செல்லில் திறந்தால் 1962 என்று சரியாகத்தானே வருகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். வரும். எக்செல் வழக்கமாக 30 முதல் 99 வரை 1900-களில் போடும். பைத்தானில் தேதியைப் படிக்கும் ஸ்ட்ரிப்டைமுக்கு 68 வரை 2000-கள், 69-லிருந்துதான் 1900-கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு 70-லிருந்துதான் 1900-கள். ஆக 69-ல் பிறந்தவர் பைத்தானில் 1969, மைஎஸ்க்யூஎல்லில் 2069! எல்லாமே தங்கள் ஆவணத்தில் சொன்னபடிதான் நடக்கின்றன. எங்கும் எர்ரர் வராது. அதுதான் கடுப்பு.

இப்போது நூற்றாண்டை முடிவுசெய்வதை இந்த மென்பொருள்களிடம் விடுவதில்லை. பிறந்த தேதி இன்றைய தேதியைத் தாண்டினால் 100 கழிக்கிறோம். 22, 24 மாதிரி வருடங்கள்தான் வம்பு. குடும்ப ஓய்வூதியம் பெறும் குழந்தையாகவும் இருக்கலாம், நூறு தாண்டிய பாட்டியாகவும் இருக்கலாம். அவற்றை யூகிக்காமல் ஒதுக்கிவைத்து, மூல ஆவணத்தைப் பார்த்து நிரப்பச் சொல்லியிருக்கிறோம். 29-02-00 வந்தால் மட்டும் கவலையில்லை. 1900 லீப் வருடமே இல்லை, அதனால் அது 2000-தான்.

எக்செல்லில் திறந்து சேமித்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிகிற வடிவம்தான் கோப்பில் ஏறும். அங்கே இரண்டு இலக்கம் என்றால் நூற்றாண்டு மறுபடியும் போச்சு.

இனி 1962-08-14 வடிவில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.