‘எஸ்டர்டே’ இருந்தால் ‘ஹேவ்’ ஏன் கூடாது?

ஒயிட்ஃபீல்ட்வாசி:
வணக்கம். இங்கே பெங்களூரில் ஒரு சப்போர்ட் டீமில் இருக்கிறேன், க்ளையன்ட் லண்டன்காரர்கள். நான் எழுதும் மெயிலை எங்கள் லீட் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ‘ஐ ஹேவ் சென்ட் த லாக்ஸ் எஸ்டர்டே’ என்று எழுதினால் ஹேவை அடித்துவிடுகிறார். சரி, ஹேவே ஆகாது போல என்று ‘ஐ ஆம் வொர்க்கிங் ஆன் திஸ் சின்ஸ் மண்டே’ என்று எழுதினால் அங்கே மட்டும் ‘ஹேவ் பீன்’ வேண்டுமாம். காரணம் கேட்டால் ‘படிச்சா காதுக்கே தெரியும்’ என்கிறார். என் காதுக்குத் தெரியவில்லை! பள்ளியில் 12 டென்ஸையும் அட்டவணையாக ஒப்பித்தவன்தான், எது எங்கே வரும் என்பதுதான் பிடிபடவில்லை.

அல்சூர் அக்கா:
தம்பி, அட்டவணையை மூடி வையுங்கள். நீங்கள் சொல்கிற நேரம் முடிந்துபோனதா, இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நேற்று, போன வாரம், 2019, அரை மணி நேரத்துக்கு முன்னால், எல்லாம் முடிந்த கணக்கு. அப்படி ஒரு நேரம் வாக்கியத்தில் இருந்தால் வெறும் ‘சென்ட்’. நேரம் எதுவும் சொல்லாமல் ‘ஐ ஹேவ் சென்ட் த லாக்ஸ்’ என்றால், அனுப்பியாச்சு, இப்போது நீங்கள் திறந்து பார்க்கலாம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை ஆரம்பித்து இன்றைக்கும் முடியாத வேலைக்குத்தான் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’. நம் ஆட்கள் வழுக்குவதும் இங்கேதான், ஏனென்றால் ‘திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகியவர்கள் நாம். இந்திக்காரர்களும் அப்படித்தான், உங்கள் ஆபீஸ் கேன்டீனில் காதைக் கொடுத்துப் பாருங்கள். சின்ஸுக்குப் பின்னால் ஆரம்பித்த நாள், ஃபாருக்குப் பின்னால் எவ்வளவு காலம்: சின்ஸ் மண்டே, ஃபார் த்ரீ டேஸ். ‘ஃப்ரம் லாஸ்ட் டூ டேஸ்’ மட்டும் வேண்டவே வேண்டாம், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில்க்போர்டு சிக்னல்:
அக்கா சொன்னது சரி. ஆனால் ஹேவ் போனதும் பாதிப் பேர் ஹேடுக்குத் தாவிவிடுகிறார்கள், ‘ஐ ஹேட் சென்ட் த மெயில் எஸ்டர்டே’ என்று. ஹேடைப் பார்த்தால் படிக்கிறவர் இன்னொரு பழைய சம்பவத்தைத் தேடுவார். ‘வென் யூ கால்டு, ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் த மெயில்’: மெயில் போனது முதலில், போன் வந்தது அப்புறம். அந்த இரண்டாவது சம்பவம் இல்லையென்றால் ஹேடைத் தொடாதீர்கள். அமெரிக்க க்ளையன்ட் என்றால் ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட்’, ‘ஐ ஜஸ்ட் சென்ட் இட்’ எல்லாம் சாதாரணம். லண்டனுக்கு அங்கே ஹேவ் போட்டுவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்வாசி:
ரொம்ப நன்றி இருவருக்கும். ‘திஸ் மார்னிங்’ எந்தக் கணக்கில் சேரும் அக்கா?

அல்சூர் அக்கா:
கடிகாரத்தைப் பாருங்கள். 11 மணிக்கு எழுதினால் காலை இன்னும் முடியவில்லை, ‘ஐ ஹேவ் ஸ்போக்கன் டு தெம் திஸ் மார்னிங்’ சரி. சாயங்காலம் 4 மணிக்கு எழுதினால் ‘ஐ ஸ்போக்’. ‘டுடே’வுக்கு இரண்டுமே ஓடும். அவசரத்தில் குழப்பமாக இருந்தால் நேரத்தைச் சொல்லும் வார்த்தையையே எடுத்துவிடுங்கள், லீட் கைவைக்க மாட்டார்.