அகல்வட்டம், அணைவட்டம்: இரண்டு வளையங்களுக்கு இரண்டு பெயர்

மட்டக்களப்பிலிருந்து:

> சூரியனைச் சுற்றித் தெரியும் வளையத்துக்கு 'ஒளிவட்டம்' போதாதா?

நீங்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு என் பதில்: போதாது சேர். வானத்தில் தெரிவது இரண்டு வேறு வளையங்கள். இரண்டையும் ஒரே பெயரால் எழுதி, மாணவரைக் குழப்புகிறோம்.

ஒன்று, ஆறேழு கிலோமீற்றர் உயரத்துக்கு மேல் மிதக்கும் மெல்லிய கீற்றுமுகிலின் பனிக்கட்டிப் பளிங்குகளால் வருவது. பளிங்கு அறுகோணத் தூண். அதன் ஒன்றுவிட்ட இரு பக்கங்கள் 60 பாகை அரியமாக, அதாவது ஒளியை வளைத்து நிறம் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடிபோல, ஆகின்றன. பனிக்கட்டியின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.31, அதற்கு இழிவு விலகல், அதாவது ஒளி திரும்பும் மிகக் குறைந்த கோணம், ஏறத்தாழ 22 பாகை. அதனால்தான் வளையம் எங்கே, எப்போது தெரிந்தாலும் அதே அளவு. கையை நீட்டி விரல்களை விரித்தால், சூரியனிலிருந்து வளையம் ஒரு சாண். சிவப்பு உள்விளிம்பில் இருக்கும், உள்ளே வானம் சற்று இருண்டிருக்கும். கச்சான் என்ற வெப்பக்காற்று வீசி நிலம் கொதிக்கும் நாளிலும் அந்த உயரத்தில் உறைகுளிர்தான். ஆகவே இது குளிர்நாட்டுக் காட்சி, எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

மற்றது, மெல்லிய முகிலுக்குள் நிலவு புகும்போது அதை ஒட்டித் தெரிவது. நீர்த்துளிகளில் ஒளி கோணலடைவதால், அதாவது துளியின் ஓரத்தில் வளைந்து பரவுவதால், உண்டாகிறது. சில பாகை அகலந்தான், சிவப்பு வெளியே.

முதலாவதை அகல்வட்டம் என்போம். 'அகல் வட்டம் பகல் மழை' என்ற பழமொழியில் சொல் ஆயத்தமாக இருக்கிறது. மழை ஆரூடம் வேண்டாம், பெயரை மட்டும் எடுப்போம். பரிவேடம், ஊர்கோள் என்பன அகராதியில் உண்டு, ஆனால் எந்த வளையம் என்று பிரித்துச் சொல்லா. இரண்டாவது அணைவட்டம். வாவியின் இரு கரைக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று சூரியனைப் பார்த்துப் பெயர் வைத்த ஊர் இது. கண்ணால் கண்டதைச் சொல்லாக்க நாங்கள் தயங்கத் தேவையில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

தங்கச்சி, விளக்கம் நல்லம். ஆனால் 'அகல்' என்றதும் பிள்ளைகளுக்கு விளக்குத்தானே நினைவுக்கு வரும்? 'அகலவட்டம்' என்றால் என்ன? மற்றதற்குக் 'குறுவட்டம்' எளிது.

மட்டக்களப்பிலிருந்து:

சேர், 'அகலவட்டம்' என்றால் கோடே தடிப்பானது என்று பொருள்படும். இங்கே கோடு மெல்லியது, விலகி நிற்பதுதான் விசேசம். விலகுதலும் விரிதலும் 'அகல்' என்ற ஒரே வினைக்குள் இருக்கின்றன. குறுவட்டம் வேண்டாம், இறுவட்டைச் (CD) சிலர் குறுவட்டு என்றும் எழுதுகிறார்கள், தமிழ்நாட்டில் குறுவட்டம் என்பது வருவாய்த்துறைப் பிரிவின் பெயர். 46 பாகையில் அரிதாக வரும் பெரிய வளையத்தைப் பேரகல்வட்டம் எனலாம்.

பாடத்தில் சேர்ப்பவர்கள் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: சூரியனை நேரே பார்க்கக் கூடாது, சுவரின் மறைவில் நின்றே வளையத்தைப் பார்க்க வேண்டும்.

சூரியன் தாழ்ந்திருக்கையில் அதே உயரத்தில் இடமும் வலமும் மினுங்கும் பொட்டுகளுக்குப் 'பொய்ச்சூரியன்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அதில் பொய் எதுவுமில்லை, தட்டைப் பளிங்குகளில் முறிந்துவரும் சூரிய ஒளிதான் அது. பக்கச்சூரியன் என்பது என் முன்மொழிவு.