உலக இசை மரபுகளைப் படிக்க இலவசமாக என்ன கிடைக்கும்?

நண்பர்களே, ஒரு உதவி. பல நாட்டு இசை மரபுகளைக் காசு செலவில்லாமல் படிக்கப் பார்க்கிறேன். ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளத்தில் ஆல்பங்களின் விளக்கக் குறிப்புகள் இலவசம். அரபு மகாம்களுக்கு (நம் ராகம் போன்ற சுர அமைப்புகள்) மகாம்வேர்ல்ட் தளம் கைகொடுக்கிறது. ஒலித்துணுக்குகளோடு இருப்பதால் அரைச் சுரத்துக்கும் நடுவே வரும் சுரங்கள் மெல்லக் காதில் பிடிபடுகின்றன.

சிக்கல் ஜாவாவின் கமெலான் என்ற தாளக் கருவிக் குழு இசையில்தான். அதன் இரண்டு சுர வரிசைகளில் ஸ்லென்ட்ரோவில் ஐந்து சுரம், பெலோகில் ஏழு என்பது வரை சரி. ஆனால் ஒவ்வொரு கருவித் தொகுப்பும் தனக்கென்று ஒரு சுருதியில் இருப்பதால், ஒரு பதிவில் பழகிய காது அடுத்ததில் தடுமாறுகிறது. அப்புறம் ஜிம்பாப்வேயின் எம்பிரா (உலோகப் பட்டைகளை விரல்களால் மீட்டும் கருவி): இரண்டு பேர் பின்னிப் பின்னி வாசிக்கும்போது யாருடையது எது என்றே தெரியவில்லை.

ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வாசித்துக் காட்டும் இலவசப் பாடமோ காணொளியோ தெரிந்தால் சொல்லுங்கள். ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) மட்டும் வேண்டாம், எனக்கு அது வராது.