க்யூவில் போகிறது, பேப்பரில் வருவதில்லை. பிரின்ட் எங்கே காணாமல் போகிறது?

ஈரோட்டுக் கணக்கன்:
ஆடிட்டர் ஆபீஸ். கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் கிடையாது. கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். விண்டோஸ் சர்வர் 2016-ல் பிரின்டரை ஷேர் செய்திருக்கிறோம், எல்லோரும் அதன் வழியாகத்தான் பிரின்ட் கொடுக்கிறார்கள்.

போன வாரத்திலிருந்து தொல்லை. காலையில் ஒழுங்காக வருகிறது. பதினொரு மணிக்கு மேல் சில பிரின்ட்கள் க்யூவில் தெரிகின்றன, மறைகின்றன, அப்புறம் ஆளையே காணோம். எரர் எதுவும் இல்லை. மறுபடி கொடுத்தால் சில சமயம் வரும். ஜிஎஸ்டி நேரம், கிளையன்ட் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நான் வெறும் டிரேயை எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

ஸ்பூலரை (பிரின்ட்களை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் சர்வீஸ்) ரீஸ்டார்ட் செய்தாயிற்று, டிரைவரையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டாயிற்று. மாடியில் சீனியர் ரூமுக்குப் புது பிரின்டர் வந்திருக்கிறது, அதுவும் கிறுக்கல் பக்கங்களாகத் துப்புகிறதாம். அது வேறு கதை, விற்ற கடைக்காரர் வந்து பார்ப்பார். கீழே இருப்பது சரியானால் போதும்.

ஸ்பூலர் சாமி:
சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று உள்ளே போங்கள். ஒவ்வொரு பிரின்டுக்கும் இரண்டு ஃபைல் இருக்கும்: எஸ்பிஎல் என்பது அச்சாக வேண்டிய டேட்டா, எஸ்எச்டி என்பது யார் கொடுத்தது, எந்த பிரின்டர் போன்ற விவரம். பழையது தங்கியிருந்தால் ஸ்பூலரை நிறுத்திவிட்டு அழியுங்கள். ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரை நோண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை கேபிள்காரர்:
சாமி சொன்னது க்யூவில் சிக்கி நிற்கும் பிரின்டுக்குச் சரி. சாருக்கு எதுவும் சிக்கவில்லையே, சுத்தமாகப் போய்விடுகிறது.

விண்டோஸ் தன் வேலைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் பிரின்ட்சர்வீஸ் என்பதன் கீழே ஆபரேஷனல் லாக் இருக்கும். தானாக ஓடாது, நாம்தான் எனேபிள் செய்ய வேண்டும். காணாமல் போன பிரின்டுக்கு 307 என்று பதிவு விழுந்தால், சர்வர் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். பேப்பர் வந்தது என்று அர்த்தமில்லை! பிரின்டரின் நெட்வொர்க் முகவரிக்கு, 9100 போர்ட்டில் (பிரின்டர் டேட்டா வாங்கும் வாசல்) டேட்டாவைத் தள்ளிவிட்டு அது கையைக் கழுவிவிடும். அந்த முகவரியில் யார் வாங்கினார்கள் என்று பார்க்காது.

எனக்கு உறுத்துவது, நீங்கள் வேறு கதை என்று தள்ளிய மாடி பிரின்டர்தான். அந்தக் கிறுக்கல் தாளைக் குப்பையிலிருந்து எடுங்கள். மேலே '@பிஜேஎல்' என்று தொடங்கும் வரிகளில் (பிரின்டருக்கான கட்டளைகள்) உங்கள் ஃபைல் பெயர் இருக்கிறதா பாருங்கள். பிறகு, பிரின்ட் காணாமல் போன கையோடு சர்வரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து 'ஏஆர்பி -ஏ' கொடுத்து, கீழ் பிரின்டரின் ஐபி-க்கு (நெட்வொர்க் முகவரி) நேராக வரும் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) கீழே உள்ள பிரின்டரின் கான்ஃபிகரேஷன் தாளோடு ஒப்பிடுங்கள்.

ஈரோட்டுக் கணக்கன்:
அண்ணா, நீங்கள் ஆபீசுக்குள் வந்து பார்த்தீர்களா? 307 வரிசையாக விழுந்திருக்கிறது. மாடிக் குப்பைக்கூடையில் ஒரு கிளையன்டின் பேலன்ஸ் ஷீட் ஃபைல் பெயர், பக்கத்திலேயே என் லாகின் பெயர். மேக் முகவரி மாடி பிரின்டருடையது. சீனியர் கோர்ட், பேங்க் எல்லாம் முடித்துப் பதினொரு மணிக்குத்தான் வருவார், வந்ததும் அதை ஆன் செய்வார். கீழ் பிரின்டருக்குக் கையால் போட்ட ஐபி 192.168.1.50, ரூட்டர் அதையே மாடிக்கும் கொடுத்திருக்கிறது. என்ன செய்வது?

மதுரை கேபிள்காரர்:
ரூட்டர் பங்கு போடும் வரிசைக்குள்ளேயே 50 இருக்கிறது, அதான். டிஎச்சிபி-யை (ரூட்டர் தானாக ஐபி கொடுக்கும் வசதி) 100-லிருந்து தொடங்குமாறு மாற்றுங்கள். மாடி பிரின்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், புது எண் வாங்கிக்கொள்ளும். பழையதையே கேட்டு அடம்பிடித்தால் அதன் மேக்குக்கு ஒரு எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். இரண்டு பிரின்டருக்கும் புரியும் கட்டளை மொழி வேறு என்பதால்தான் கிறுக்கல் வந்தது. ஒரே மாடலாக இருந்திருந்தால் எல்லாம் அழகாக மேலே அச்சாகியிருக்கும், கடைக்காரரையும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

ஸ்பூலர் சாமி:
சோதிக்கும்வரை பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ்' டிக் செய்யுங்கள், காணாமல் போனதை மறுபடி அனுப்பலாம். முடிந்ததும் எடுத்துவிடுங்கள், டிஸ்க் நிரம்பும், கிளையன்ட் கணக்கெல்லாம் சர்வரில் தங்கும். அந்தக் குப்பைக்கூடைத் தாள்களையும் கிழித்துப் போடுங்கள் சார்.