கேஸ் வந்தா வெளி வக்கீல் இருக்காரே, ஆஸ்பத்திரிக்குள்ளேயே லீகல் டீம் எதுக்கு?

புது அட்மின்:
வணக்கம்ங்க, நான் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில அட்மின்ல இருக்கேன். இதுவரைக்கும் கேஸ்னு வந்தா வெளி வக்கீல்கிட்ட ஃபைலைக் குடுத்துருவோம், இப்ப மேனேஜ்மெண்ட்ல ரெண்டு வக்கீலை சம்பளத்துக்கே போடணும்ங்கறாங்க. வருஷத்துக்கு நாலஞ்சு கேஸ்தான் வருது, மீதி நாள் என்ன பண்ணுவாங்க? டாக்டருங்க வேற வேவு பாக்க ஆள் வருதுன்னு முணுமுணுக்கறாங்க.

கறுப்பு கோட்டு:
நான் அந்த வேலையிலதான் இருக்கேன். கோர்ட்டுக்கு இப்பவும் வெளி வக்கீல்தான் போறாரு, எங்க நேரம் பூரா ஒப்பந்தத்துலயும் கன்சென்ட் ஃபார்ம்லயும்தான் போகுது. போன மாசம் ஸ்கேன் மெஷின் மெயின்டனன்ஸ் புதுப்பிக்க வந்துச்சு, பர்ச்சேஸ்ல ரேட்டை மட்டும் பாத்துட்டு கையெழுத்துக்கு ரெடி, பதினோராம் பக்கத்துல பழுதான ஹார்ட் டிஸ்க்கை கம்பெனி ஆளே எடுத்துட்டுப் போவாருன்னு ஒரு வரி. அதுல இருக்கறது அத்தனையும் நோயாளிங்க படம், பேரு! அழிச்சுட்டுதான் வெளிய போகணும்னு மாத்த வெச்சோம்.

நைட் டியூட்டி நர்ஸ்:
எங்க வார்டுலயும் வேவுன்னுதான் சொன்னாங்க. ஒரு ராத்திரி டோஸ் மாறிப் போச்சு, நல்லவேளை நோயாளிக்கு ஒண்ணும் ஆகல, ஜூனியர் டாக்டர் பதறிப்போய் கேஸ் ஷீட்ல ரெண்டு வரிக்கு நடுவுல இடுக்கி எழுதப் போனாரு. லீகல் மேடத்துக்கு போன் போட்டோம், "பழசைத் தொடாதீங்க, இப்ப மணி என்னவோ அதைப் போட்டு கீழ தனியா எழுதுங்க, நடந்ததை மட்டும்"னாங்க. காலைல குடும்பத்தைக் கூப்பிட்டு நாமளே சொல்லிருவோம்னதும் அவங்கதான்.

ரிஸ்க் மேனேஜர்:
சிஸ்டர் சொன்னதுதான் விஷயமே. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில 2001லேருந்து தப்பு நடந்தா தாங்களே விசாரிச்சு, நோயாளிகிட்ட சொல்லி, நஷ்டஈடும் குடுக்கறாங்க. 2010ல வந்த ஆய்வுல, ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு மாசம் 7.03ஆ இருந்த புது க்ளெய்ம், அதாவது நஷ்டஈடு கேட்டு வர்றது, 4.52ஆ குறைஞ்சிருந்துச்சு. அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா ஒத்துக்கிட்டா கேஸ் குவியும்ங்கற பயம் பலிக்கல.

ஓய்வுல இருக்கற டாக்டர்:
எல்லாம் சரி, ஒண்ணு மறக்காதீங்க, அவங்க ஆஸ்பத்திரிக்கு வக்கீல், உங்களுக்கு இல்ல. நீங்க சொன்னதை ரகசியமா வெக்கறதா வேணாமான்னு முடிவு பண்றதும் பொதுவா மேனேஜ்மெண்ட்தான். உங்க பேர்ல தனியா கேஸ் வந்தா உங்க இன்ஷூரன்ஸ்காரரையும் சொந்த வக்கீலையும் பாருங்க.

புது அட்மின்:
டாக்டருங்க முணுமுணுக்கறது இதுக்குத்தானா! முதல் நாளே டாக்டருங்களைக் கூப்பிட்டு இதை நேரா சொல்லிருங்கன்னு வர்ற வக்கீலுங்ககிட்ட சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க ஸ்கேன் ஒப்பந்தத்தைத் தேடி எடுக்கணும்.