குடியரசுக் கட்சி வேட்பாளர் எவ்வளவு பழமைவாதி என்பதை எண்ணால் அளக்க முடியுமா?

கீழைக்காற்று (கேள்வி):

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்களைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். மேடையில் நிற்கும் ஒவ்வொருவரும் தாமே அசல் பழமைவாதி என்றும், பக்கத்தில் நிற்பவர் தேர்தலுக்காக வேடம் போடுகிறார் என்றும் சொல்வார்கள். 2012 பிப்ரவரியில் பழமைவாதிகளின் ஆண்டு மாநாட்டில் பேசிய அதிபர் வேட்பாளர் போட்டியாளர் மிட் ராம்னி, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராகத் தாம் கடும் பழமைவாதியாகவே இருந்ததாகக் கூறினார். அதே ராம்னிதான் 2006-இல் அம்மாநில மக்களுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவர்.

பேச்சை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்க்கலாம் என்றால் குழப்பம் கூடுகிறது. செனட்டர் ஜான் மெக்கெய்னுக்கு, அமெரிக்கப் பழமைவாத ஒன்றியம் என்ற அமைப்பு அளித்த வாழ்நாள் மதிப்பெண் நூற்றுக்கு 80-ஐத் தாண்டியது. ஆனால் 2001-இல் புஷ்ஷின் வரிக்குறைப்புச் சட்டம் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தபோது அதை எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் இருவரில் அவரும் ஒருவர். இந்த 80 எதைச் சொல்கிறது? நாடாளுமன்றத்தில் ஒருநாளும் வாக்களித்திராத ஆளுநர்களையும் தொழிலதிபர்களையும் எந்தக் கோலால் அளப்பது?

எண்ணும்எழுத்தும்:

இருவகை அளவுகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பழமைவாத ஒன்றியம் 1970-களின் தொடக்கத்திலிருந்து மதிப்பெண் வழங்கி வருகிறது. எதிர்த்தரப்பில், 1947-இல் தொடங்கப்பட்ட 'ஜனநாயகச் செயல்பாட்டுக்கான அமெரிக்கர்கள்' என்ற அமைப்பும் இதையே செய்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் நூற்றுக்கணக்கான வாக்கெடுப்புகளிலிருந்து சிலவற்றை மட்டும் இவர்கள் எடுத்துக்கொண்டு, தங்கள் நிலைப்பாட்டோடு ஒத்துப்போன விழுக்காட்டைக் கணக்கிடுகிறார்கள். கேள்வித்தாளைத் தயாரிப்பவரும் திருத்துபவரும் ஒருவரே. அதிலும், நண்பர் யார் எதிரி யார் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டும் வாக்கெடுப்புகளையே தேர்ந்தெடுப்பதால், இடையில் நிற்பவர்களும் ஏதாவதொரு கோடிக்குத் தள்ளப்படுகிறார்கள். மெக்கெய்னின் 80-ஐ இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். கட்சியின் தலைவர்கள் பலர் 90-க்கு மேல் நிற்கும் பட்டியலில் 80 என்பது விலகி நிற்பவரின் எண்.

இரண்டாவது வகை, கீத் பூலும் ஹோவர்ட் ரோசந்தாலும் 1980-களில் உருவாக்கிய 'நாமினேட்' முறை. இது மசோதாவின் உள்ளடக்கத்தைப் படிப்பதே இல்லை. ஏறத்தாழ ஒருமனதாக முடிந்தவற்றை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சிய எல்லா வாக்கெடுப்புகளிலும் யார் யாரோடு சேர்ந்து வாக்களித்தார் என்பதை மட்டும் கொண்டு, ஒவ்வொருவரையும் ஏறக்குறைய −1 (இடதுகோடி) முதல் +1 (வலதுகோடி) வரையிலான ஒரு கோட்டில் நிறுத்துகிறது. பல காங்கிரஸ்களில் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஈராண்டுப் பதவிக்காலங்களில்) தொடர்ந்து பணியாற்றியவர்கள் பாலம்போல் அமைவதால், வெவ்வேறு காலத்தவரையும் ஓரளவு ஒப்பிட முடிகிறது. என்னுடைய நம்பிக்கை இதன் மீதுதான்.

எதை நம்பக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன்: ஓராண்டுத் தரவரிசை. 'நேஷனல் ஜர்னல்' இதழின் கணக்கில் 2003-ஆம் ஆண்டின் மிகத் தாராளவாத செனட்டர் ஜான் கெர்ரி. 2007-ஆம் ஆண்டில் பராக் ஒபாமா. இருவரும் அந்தந்த ஆண்டில் அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். பல வாக்கெடுப்புகளைத் தவறவிட்டவர்கள். கட்சிக்குத் தவிர்க்க முடியாதவற்றுக்கு மட்டும் வந்து வாக்களிப்பவர், கட்சியோடு முழுமையாக ஒத்துப்போவதாகவே கணக்கில் தெரிவார். 2007-இல் மெக்கெய்ன் அவைக்கு வந்தது அதைவிடக் குறைவு என்பதால், அவருக்கு ஒட்டுமொத்த மதிப்பெண்ணே போட முடியவில்லை. தேர்தல் விளம்பரங்களில் முதலில் ஏறுவது என்னவோ இந்தத் தரவரிசைதான்.

கடலோடி:

உள்ளடக்கத்தைப் படிக்காத அளவுகோலை அவ்வளவு நம்பலாமா? பிரதிநிதிகள் சபையில் இருந்துகொண்டே அதிபர் வேட்பாளராக முயன்ற ரான் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். நாமினேட் கோட்டில் அவர் வலதுகோடியில் நிற்கிறார். அரசு செலவிடும் எதற்கும் "இல்லை" என்று வாக்களித்தவர் என்பதே காரணம். ஆனால் 2001-இல், கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய தேசபக்தச் சட்டத்தை எதிர்த்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் மூவரில் அவர் ஒருவர். 2002-இல் ஈராக் போருக்கான அதிகாரத்தை எதிர்த்த அறுவரிலும் ஒருவர். 2008-இலும் 2012-இலும் அவரை ஏற்க மறுத்த வாக்காளர்களில் பலர் இந்த இரண்டு காரணங்களைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள்.

மறுபக்கத்திலும் இதே கோளாறுதான். 2021 நவம்பரில் உட்கட்டமைப்பு மசோதாவை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் உள்ளிட்ட 6 ஜனநாயகக் கட்சியினர், அது போதாது என்ற மனக்குறையால் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையினரோ, அது மிகை என்று எதிர்த்தார்கள். இருவரும் ஒரே பக்கம் நின்றதாகவே கணிதம் பதிவு செய்துகொள்ளும். அதனால் இத்தகையவர்கள் தங்கள் கட்சியின் நடுப்பகுதிக்கு இழுக்கப்படுகிறார்கள். இந்த முறை அளப்பது கட்சி ஒழுங்கை. அதற்குக் கொள்கை என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

மலைச்சாரல்:

ஆளுநர்களைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இங்கே எண் எதுவும் பெரிதாக உதவாது. சட்டமன்றத்தில் எதிரே யார் அமர்ந்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் பொருள் கிடைக்கும்.

ரொனால்ட் ரீகன் 1967-இல் கலிபோர்னியா ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ஏறத்தாழ 100 கோடி டாலர் வரி உயர்வுக்கும், கருக்கலைப்புக்கான தடைகளைத் தளர்த்திய சட்டத்துக்கும், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதைத் தடுத்த சட்டத்துக்கும் கையெழுத்திட்டார். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டால், இன்றைய கட்சியில் அவருக்கு மேடைகூடக் கிடைக்காது. ஆனால் பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டம் முந்தைய ஆளுநர் விட்டுச்சென்றது. சட்டமன்றப் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. 1976-இல் பதவியிலிருந்த அதிபர் ஃபோர்டையே எதிர்த்து அவர் போட்டியிட்டபோது, பழமைவாதிகள் அவருடைய கையெழுத்துகளைவிட 1964 முதல் அவர் ஆற்றிவந்த உரைகளையே நம்பினார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போகவில்லை என்றாலும், அதிபரான பின் 1982-இல் வரிகளை மீண்டும் உயர்த்தியவரும், 1986-இல் ஆவணமற்ற குடியேறிகள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சட்டத் தகுதிக்கு வழி திறந்தவரும் அவரே என்பதை மறந்துவிடக் கூடாது.

ராம்னிக்கும் இதே சலுகையைத் தர வேண்டியதுதான் நியாயம். அவருடைய சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் பலம், அவருடைய தடுப்பாணைகளை (வீட்டோ) எளிதில் முறியடிக்கும் அளவுக்கு இருந்தது. 2006 மருத்துவச் சட்டத்திலேயே அவர் நிராகரித்த பிரிவுகளைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஒரு வேறுபாட்டை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. ரீகன் தம் கட்சி மக்களிடம் பல ஆண்டுகள் ஒரே குரலில் பேசியிருந்தார். ராம்னியோ 1994-இல் எட்வர்ட் கென்னடிக்கு எதிராக செனட்டுக்குப் போட்டியிட்டபோது, தம்மை ரீகன் அணியிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிக் காட்டியவர்.

எண்ணும்எழுத்தும்:

கடலோடி சொன்ன குறையை மறுக்கவில்லை. அது கோட்டின் இரு ஓரங்களில்தான் பெரிதாகத் தெரியும் என்பது மட்டும் என் வாதம். வாக்குப் பதிவே இல்லாதவர்களுக்கு ஆடம் பொனிக்கா உருவாக்கிய நன்கொடை அளவு இருக்கிறது. ஒரே நன்கொடையாளர் யார் யாருக்குப் பணம் தந்தார் என்பதைக் கொண்டு, செனட்டரையும் ஆளுநரையும் புதுமுகத்தையும் ஒரே கோட்டில் வைக்கிறது. ஆனால் 200 டாலருக்கு மேற்பட்ட நன்கொடைகளுக்கே பெயர் வாரியான விவரம் கட்டாயம். சிறுதொகை கொடுக்கும் கூட்டம் பெரிதாக இருக்கும் வேட்பாளரின் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் இக்கணக்கில் தெரியவே மாட்டார்கள்.

கீழைக்காற்று:

விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் 2016-இன் டொனால்ட் டிரம்ப் எந்த அளவிலும் அகப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கட்சியின் கொள்கை அறிக்கையையாவது பிடித்துக்கொள்ளலாமா?

மலைச்சாரல்:

அறிக்கையை நம்ப வேண்டாம். 2020-இல் அக்கட்சி புதிதாக ஒன்று எழுதவே இல்லை. 2016-இல் எழுதியதையே தொடர்ந்தது.

டிரம்ப் அகப்பட்டார், நாம் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். பழைய பேச்சுகளைப் பார்த்தவர்கள் அவரை மிதவாதி என்று எண்ணியதற்குக் காரணம் இருந்தது. 1999-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் மீது ஒருமுறை 14.25 விழுக்காடு வரி விதிக்கலாம் என்றவர் அவர். கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாளர் என்றும் அதே ஆண்டில் சொன்னார். 2015-இல் போட்டியை அறிவித்தபோதே, முதியோர் ஓய்வூதியத்திலும் மருத்துவ உதவியிலும் கை வைக்க மாட்டேன் என்றார். ஆனால் நீதிபதி ஸ்காலியா மறைந்து உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாக இருந்தபோது, அந்த நீதிமன்றத்துக்குத் தாம் பரிசீலிக்கும் நீதிபதிகள் என்று 2016 மே மாதம் 11 பெயர்களையும் செப்டம்பரில் மேலும் 10 பெயர்களையும் அவர் வெளியிட்டார். பின்னர் அவர் உச்ச நீதிமன்றத்தில் நியமித்த மூவரில் கார்சச் அந்த இரண்டாவது தொகுதியில் இருந்தவர். கவனாவும் பேரட்டும் 2017-இல் சேர்க்கப்பட்டவர்கள். கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக அறிவித்த 1973 தீர்ப்பை 2022 ஜூனில் ரத்து செய்த பெரும்பான்மையில் மூவரும் இருந்தார்கள். 2018-இல் எஃகுக்கு 25 விழுக்காடு இறக்குமதி வரி விதித்துத் தடையற்ற வணிகம் என்ற பழைய பாடத்தைக் கிழித்துப் போட்டவரும் இதே மனிதர்தான். இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் யாரையும் குறிக்காது.

அதனால் அடுத்த தேர்தலில் நான் முதலில் தேடப்போவது, நீதிபதிகளையும் கருவூலச் செயலரையும் தேர்ந்தெடுக்கும் பணியை வேட்பாளர் யாரிடம் ஒப்படைத்திருக்கிறார் என்பதைத்தான்.