ஜாமர்: தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
வாக்கு எண்ணும் முகவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. நடுவில் 26 நாள் இயந்திரங்கள் பூட்டிய அறையில் இருந்தன. அறைப்பக்கம் வைஃபை தெரிகிறது என்று அப்போது புகார்கள் கிளம்பின அல்லவா? அந்த மாதிரி இடத்தில் பொருத்தச் சொல்லிக் கேட்கப்படும் ஜாமருக்கு (செல்பேசி, வைஃபை இணைப்பு வேலை செய்யாமல் ஆக்கும் கருவி) ‘அலைத்தடுப்பான்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?
– ம.

ம. அவர்களுக்கு,
தவறு. ஜாமர் எதையும் தடுப்பதில்லை, கத்துகிறது. செல்பேசி கேட்கும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது. சாவு மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிப்பாருங்கள், அதுதான். தடுப்பது என்றால் அறையைச் சுற்றி உலோகக் கூண்டு கட்ட வேண்டும். என் ஓட்டு ‘அலைக்குழப்பி’.
இன்னொன்று. வாக்குப்பதிவு இயந்திரத்தில் அலை வாங்கும் உறுப்பே கிடையாது என்கிறது தேர்தல் ஆணையம். காது இல்லாதவனிடம் இரைச்சல் போட்டு என்ன பயன்? காவலர் செல்பேசிதான் செத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்தைச் செய்யும் ஐதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனமே ஜாமரும் செய்கிறது.
– சு.

அன்பர்களே,
குழப்புபவன் மனிதன், கருவிக்கு அது பொருந்தாது. ‘செறு’ என்ற வேர் இருக்க ஏன் அலைகிறோம்? செறுத்தல், அடக்குதல். வரப்பு கட்டி நீரை நிறுத்துவதால் வயலும் செறு. ஆகவே ‘செறுப்பி’.
– நா.க.

ஐயா, முகவர் நேரே கலெக்டரிடம் போய் “எங்களுக்குச் செறுப்பி வேண்டும்” என்று மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? வல்லின றகரத்தை யார் காதில் வாங்குவார்கள்?
– கு.

கு. அவர்கள் நகைக்கலாம். ஜகரத்துக்கு அஞ்சிச் ‘சாமர்’ என்று எழுதினால் சாமரம் வீசுவது போல் இருக்காதா? தேர்தலுக்குச் சொல் தேடி நாம் திணறத் தேவையில்லை. அகநானூறு 77ஆம் பாட்டில் கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை, அதாவது முத்திரையைச் சரிபார்த்து, அதை நீக்கி, ஓலையை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். முத்திரை பார்த்துத் திறக்கும் வழக்கம் அன்றே இருந்தது!
– நா.க.

ஐயா, அந்த உவமை எதற்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பிணத்தின் குடலைப் பருந்து பிடுங்குவதற்கு. கையேட்டில் போட்டால் முகவர்கள் எண்ணிக்கைக்கே வரமாட்டார்கள்.
– கு.

நண்பர்களே, நாளை வெள்ளி. தனிமடலில் வந்த ஓட்டுகளையும் சேர்த்தால், அங்கே வந்த ‘அலைமுடக்கி’ என்ற சொல்லுக்கு ஐந்து பேர், ‘அலைக்குழப்பி’க்கு இரண்டு பேர். முதல் இடத்தில் மட்டும் ‘ஜாமர் எனப்படும் அலைமுடக்கி’, அப்புறம் எல்லா இடத்திலும் வெறும் ஜாமர். மனுவைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு அதுதான் தெரியும். சு. சொன்ன ‘காது இல்லாத’ விஷயத்தை ஆணையத்தின் கூற்றாக அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன்.
– ம.

முடக்குவது அலையை அல்ல, கைபேசியை. பதிவுக்காகச் சொல்கிறேன்.
– சு.

செறுப்பியை அடுத்த பதிப்பிலாவது பரிசீலிக்கவும். றகரத்தைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம்.
– நா.க.